நாலாவது தசமம்

ஏப்ரல் 28, திங்கள்

வந்துவிட்டாள்! மகாராணி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்!

மூடிப்போன ஒரு பார்மசி காலேஜின் லேப் தராசு. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சின்ன ஸ்டீல் தட்டு, தள்ளித் திறக்கிற மூன்று கண்ணாடிக் கதவுகள், முன்னால் பச்சையாக எண்கள். ஒரு கிராமைப் பத்தாயிரம் துண்டாக உடைத்தால் அதில் ஒரு துண்டு வரைக்கும் காட்டும். புள்ளிக்குப் பிறகு நாலு இலக்கம்! இரண்டு வருடமாக இதை வீடியோவில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் கிரிக்கெட் பார்க்கிற மாதிரி நான் தராசு பார்ப்பேன். படிப்பது தபாலில் பி.காம். எந்த லேபுக்குள்ளும் நான் கால் வைத்ததில்லை. பாதியை ஃபோன் சொல்லிக்கொடுத்தது, மீதியை நாகர்கோவில் பிபின் அண்ணன். எங்கள் 'தராசு வெறியர்கள்' குரூப்பின் அட்மின். ஏதோ ஒரு லேபில் வேலை. நேரில் பார்த்ததில்லை. ஏலத்தில் இது வருகிறது என்று துப்புக் கொடுத்தவர் அவர்தான்.

"வாங்கிக்கோ பாப்பா" என்று சொன்னது அப்பா. ஆபரேஷனுக்கு முந்தின வாரம். அவர் குரலில் நான் கடைசியாகக் கேட்ட சில வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

ஹாலில் கடப்பைக்கல் அலமாரியின் மேல் வைத்தேன். மேசையெல்லாம் மகாராணிக்கு ஆகாது, ஆடும். கால்களைத் திருகித் திருகி, மட்டம் காட்டுகிற குமிழியை வட்டத்துக்கு நடுவில் கொண்டுவர முக்கால் மணி நேரம். பிறகு கரண்ட் கொடுத்துச் சூடாக விட வேண்டும். பிறகு ஃபேனை நிறுத்த வேண்டும். ஜன்னலைச் சாத்த வேண்டும். அப்பா அறைத் திரையை இழுத்துவிட வேண்டும், அங்கே டேபிள் ஃபேன்.

"ஏண்டி, ஃபேனை ஏன் நிறுத்தின?" அம்மா அப்போதுதான் அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வந்திருந்தாள்.

"காத்து பட்டா நம்பர் ஆடும்மா."

"எனக்கு உயிரே ஆடுது. இந்த வெயில்ல ஃபேனை நிறுத்திட்டு எந்தப் பைத்தியமாவது அரிசியை எடை போடுமா?"

"ஒரே ஒரு அரிசிம்மா! 0.0193!"

"அதையே ஆக்கிப் போடு எனக்கு."

அடுத்து என் கண் இமை முடி. கதவைச் சாத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், எண்கள் குதிக்கின்றன. மேல் வீட்டில் கிரைண்டர். பார்கவி அக்கா தெருவுக்கே இட்லி மாவு விற்கிறவர். ஓடினேன்.

"அக்கா, பத்து நிமிஷம் நிறுத்துங்களேன்."

"என்னடி, பரீட்சையா?"

"எடை போடறேன்க்கா. இமை முடி."

என்னை ஒரு பார்வை, கிரைண்டரை ஒரு பார்வை. "ஏய் ஜெமி, மாவு கெட்டுப்போனா உன் இமையை வித்தா குடுப்ப?"

ஆனாலும் நிறுத்தினார். பார்கவி அக்கா வாழ்க.

மே 19 ஆஸ்பத்திரி. அதற்குள் அப்பா நாற்பத்திரண்டு கிலோவாவது வந்துவிட வேண்டுமாம். வந்தால்தான் அடுத்த மருந்தை ஆரம்பிப்பார்களாம். உடம்பு தாங்க வேண்டுமே.

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்று என் கைரேகையை எடை போட்டேன்!! சுத்தமான கண்ணாடிச் சில்லை இடுக்கியால் வைத்துப் பார்த்தேன். பிறகு அதன் மேல் கட்டைவிரலை ஒரு தடவை அழுத்திவிட்டு மறுபடி. ஏறியது! அதனால்தான் எதையும் விரலால் தொடக் கூடாது. தொட்டால் நம்மையும் கொஞ்சம் சேர்த்து எடை போட்டுவிடுகிறோம். குரூப்பில் போட்டேன், நாற்பது ஹார்ட்டு.

அப்பா மத்தியானக் கஞ்சி வேண்டாம் என்றுவிட்டார்.

அப்பா முப்பது வருடம் பஸ்ஸில் விசில் ஊதியவர். தொண்டையை எடுத்த பிறகு ஊத முடியாது. கட்டில் கம்பியில் மோதிரத்தால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போகலாம். மற்றதையெல்லாம் உள் அறையிலிருந்தே வாட்ஸப்பில் அனுப்புவார். மூக்குக் குழாயில் நான் சிரிஞ்சை மாட்டியதுமே இன்று ஒரு தட்டு.

"கொஞ்சமாவதுப்பா. அம்பது மில்லி."

ஒரு தட்டு.

கஞ்சியைக் கொட்டினேன்.

மே 1, வியாழன்

காலையில் அப்பாவின் மெசேஜ்: "பானைக்குள்ள சத்தம் கேக்குது. போய்ப் பாரு."

பால்கனிக் கூண்டில் அப்பாவின் லவ் பேர்ட்ஸ் ஒரு ஜோடி. மண்பானைக்குள் மூன்று முட்டை இருந்தது. இரண்டு கூமுட்டை. மூன்றாவதில் இருந்து ஒரு குஞ்சு! கண் திறக்காமல், முடியில்லாமல், மென்று துப்பின பபிள்கம் மாதிரி. அசிங்கத்திலும் அசிங்கம். அவ்வளவு அழகு.

"வெயிட் போடு", அடுத்த மெசேஜ்.

நல்ல சாக்கு! மருந்து பாட்டில் மூடிக்குள் டிஷ்யூ வைத்து, பூஜ்ஜியம் பண்ணி, குஞ்சை இறக்கினேன். ஹாலில் இருந்தே கத்தினேன்: "அப்பா! ரெண்டு புள்ளி பூஜ்ஜியம் மூணு எட்டு ஒண்ணு!"

கட்டிலில் இரண்டு தட்டு. ஏதோ ஸ்டாப்பில் ஏறிவிட்ட பயணிக்கு அடித்த மாதிரி.

பானையில் திரும்ப வைத்துவிட்டேன். தாய் பார்த்துக்கொள்ளும்.

மே 2, வெள்ளி

தாய்ப்பறவை கூண்டின் அடியில் செத்துக் கிடந்தது. வெயிலா, வேறு எதுவுமா, தெரியவில்லை. ஆண் பறவை கம்பியில் உட்கார்ந்து பானையைப் பார்க்கக்கூட இல்லை.

அம்மா சொன்னாள்: "விட்டுடுடி. அதெல்லாம் நம்மால ஆகாது. இருக்கிற வேலையே தலைக்கு மேல."

அப்பா அனுப்பியது: "காப்பாத்திடலாமா?"

பிபின் அண்ணனுக்கு போன் பண்ணினேன். முதல் தடவையாகக் குரல். "ஜெமி மோளே, ஒரு நாள் குஞ்சு, தாய் இல்லாம ரொம்பக் கஷ்டமாக்கும். பத்துல ஒண்ணு தேறினாப் பெரிசு. பாத்துக்கோ, மனசுல ஏத்திக்காத."

மனதில் ஏற்றிக்கொள்ளாமல் வேறு எங்கே ஏற்றுவது? பெட் ஷாப்பில் குஞ்சுத் தீனிப் பவுடர் வாங்கினேன். தெர்மோகோல் பெட்டிக்குள் ஒரு பல்பு. வெந்நீரில் கரைத்த மாவை இன்சுலின் சிரிஞ்சில் எடுத்து அலகு ஓரம் ஒரு சொட்டு, ஒரு சொட்டு. கழுத்துக்குக் கீழே தீனிப்பை என்று ஒன்று இருக்கிறது. தோல் வழியாகவே உள்ளே போன மாவு வெள்ளையாகத் தெரிகிறது.

அப்பாவைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தேன். பார்க்க வேண்டுமாம்.

"எவ்ளோ குடிச்சிது?" என்று டைப் பண்ணினார்.

"கால் மில்லி கூட இல்லப்பா."

யோசித்தார். "எனக்கு இருநூறு ஊத்து."

ஊற்றினேன்! முழுதாக இருநூறு! ஒரு தட்டுக்கூட இல்லை!

மே 3, சனி

காலைச் சடங்கு: குமிழி பார், ஃபேன் நிறுத்து, திரை இழு, பார்கவி அக்காவுக்கு மிஸ்டு கால் (கிரைண்டர் நிறுத்தச் சொல்லி), மூடி, பூஜ்ஜியம், குஞ்சு, கதவு.

ஒரு பிரச்சனை. எடை நின்றுவிட்டால் எண்களுக்கு இடது பக்கம் ஒரு சின்ன வட்டம் வரும். இனி எழுதிக்கொள் என்று அர்த்தம். குஞ்சை வைத்தால் வட்டம் வருவதே இல்லை. நாலாவது தசமம் ஓடிக்கொண்டே இருக்கிறது. 4, 9, 2, 7, 1. மூன்றாவதும் சில நேரம்.

குரூப்பில் புலம்பினேன். பிபின் அண்ணன் வாய்ஸ் நோட்: "அது மூச்சு விடுதுல்லா. நெஞ்சு துடிக்குதுல்லா. எப்படி நிக்கும்? நாலஞ்சு தரம் பாத்து நடுவுல உள்ளத எழுது. ஓடட்டும், நல்லதுதான்."

எனக்கு அது போதவில்லை. வட்டம் வர வேண்டும். வட்டம் வந்த ஒரு போட்டோ குரூப்பில் போட வேண்டும்.

"ரெண்டு புள்ளி மூணு ஒண்ணு ஆறு நாலுப்பா! நாலு உத்தேசம்!"

இரண்டு தட்டு. இருநூறு மில்லி.

மே 4, ஞாயிறு

2.5827. அக்னி நட்சத்திரம் ஆரம்பம். அப்பா இருநூறு, இருநூறு, நூற்றைம்பது.

மே 5, திங்கள்

மத்தியானம் கரண்ட் போய்விட்டது. பல்பு அணைந்ததும் பெட்டி ஆறிவிடும் என்று குஞ்சை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து மூடிக்கொண்டு அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். நானும் அப்பாவும் வியர்வையில் நனைந்துவிட்டோம். உலகத்திலேயே எங்கள் வீட்டில் மட்டும்தான் வெயில் போதவில்லை.

அப்பா டைப் பண்ணினார்: "பேர் வெச்சியா?"

"இல்லப்பா."

"டிக்கெட்."

"டிக்கெட்டா?"

"சின்னதா கசங்கிப் போய் இருக்குல்ல. பாக்கெட்ல இருந்து எடுத்த மாதிரி."

சிரிக்கும்போது அப்பாவுக்குக் கழுத்தில் இருக்கிற துளையில்தான் சத்தம் வரும். இஸ் இஸ் என்று. மூன்று மாதமாக நான் அதைக் கேட்கவில்லை.

கரண்ட் வந்த பிறகு மகாராணி சூடாக ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். 2.9405. உத்தேசம்.

மே 6, செவ்வாய்

3.1718!

அம்மா சாயந்திரம் அப்பாவை பாத்ரூம் தராசில் ஏற்றினாள். ஒரு பக்கம் அவள் தோளில் சாய்ந்து, ஒரு பக்கம் சுவரைப் பிடித்து. இறங்கினதும் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஏறியிருக்குடி! ஏங்க, ஏறியிருக்குங்க! தோத்திரம்!" அந்த முள் தராசையெல்லாம் நான் தராசு என்றே ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்று ஒத்துக்கொண்டேன்.

பாயசம் வைத்தாள். அப்பாவுக்கு அதையும் வடிகட்டிக் குழாயில் ஐம்பது மில்லி ஊற்றினோம். ருசி தெரியாது. இருந்தாலும் தட்டினார், இரண்டு.

மே 7, புதன்

டிக்கெட் 3.6140! ஒரே நாளில் இவ்வளவா! கத்திக்கொண்டே ஓடினேன்.

குழாய் மாற்ற வருகிற சிஸ்டர் பத்து மணிக்கு வந்தார். அம்மா நேற்றைய சந்தோஷத்தைச் சொன்னாள். சிஸ்டர் அப்பாவின் கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. மெதுவாகக்கூட மேலே வரவில்லை.

"நீர் கோத்திருக்கு. அதான் ஏறினாப்ல காட்டுது. டாக்டர்ட்ட கேட்டு மாத்திரை எழுதித் தரச் சொல்றேன். நீர் வடிஞ்சா உண்மை வெயிட் தெரியும்மா."

அம்மா கம்பெனிக்குக் கிளம்பினாள். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தாள்.

அதற்குப் பிறகுதான் டிக்கெட்டை சரியாகப் பார்த்தேன். காலை ஊட்டின மாவு கழுத்தில் அப்படியே நிற்கிறது. நேற்று ராத்திரி ஊட்டினதும் அடியில் இருக்கிறது. பை காலியாகவில்லை. ஏறினது டிக்கெட் இல்லை, மாவு.

தட்டின் மேல் எது இருந்தாலும் மகாராணி கூட்டிச் சொல்லிவிடுவாள். அதில் குஞ்சு எவ்வளவு, மாவு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. நாலு தசமம் இருந்து என்ன.

மே 8, வியாழன்

பிபின் அண்ணன் சொன்னபடி வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும் இரண்டு சொட்டு. பஞ்சை நனைத்துக் கழுத்தை லேசாக நீவிவிட்டேன். இரண்டு பெட் ஷாப்புக்குப் போன். பறவை பார்க்கிற டாக்டர் ஒருவர் வேளச்சேரியில் இருக்கிறாராம். "ஒரு வாரக் குஞ்சா? கொண்டு வர்றதுக்குள்ள போயிடும்மா" என்று அங்கே போன் எடுத்த பெண் சொன்னாள். கெட்டவள் இல்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

வீடியோ தேடித் தேடி ஃபோன் சூடாகிவிட்டது. ஒவ்வொருத்தர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். கமெண்ட்டில் ஒருத்தர் இஞ்சி. ஒருத்தர் ஜெபம்.

அப்பா: "என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லப்பா. ஜீரணம் கொஞ்சம் லேட்டு."

"எனக்கும்தான்."

3.5802. அப்பா நூறு.

மே 9, வெள்ளி

வந்துவிட்டது!!! வட்டம் வந்துவிட்டது!!!

3.4126. நாலாவது தசமமும் நின்றது! வைத்த கொஞ்ச நேரத்தில் 6 என்று வந்து, அசையாமல், பக்கத்தில் அழகாகச் சின்ன வட்டம்! கிரைண்டர் இல்லை, காற்று இல்லை, எல்லாம் சரியாக அமைந்த ஒரே நாள்! போட்டோ எடுத்து குரூப்பில் போட்டுவிட்டேன். "உயிருள்ளதுக்கு வராதுன்னு சொன்னீங்களே அண்ணா, பாருங்க!!!"

இதை எழுதும்போதே ஹார்ட்டு வந்துகொண்டிருக்கிறது.

(பிறகு)

பிபின் அண்ணன் ஹார்ட்டு போடவில்லை. தனியாக ஒரு மெசேஜ்.

"ஜெமி. குஞ்சு அசையுதா பாரு."

(பிறகு)

ஃபேனைப் போடவில்லை. ஹாலில் அப்படியே நின்றேன். உள்ளே இருந்து அப்பா தட்டினார். கேள்வி கேட்கிற மாதிரி ஒன்று.

"அப்பா! மூணு புள்ளி அஞ்சு!" என்று கத்தினேன்.

 பிறகு இரண்டு தட்டு.

உள்ளே போய்ச் சிரிஞ்சை மாட்டினேன். இருநூறு. முழுதும் போனது. அப்பா என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சிரிஞ்சைத்தான் பார்த்தேன்.

மே 10, சனி

பார்கவி அக்கா மாடியில் ரோஜாத் தொட்டியில் இடம் கொடுத்தார்.  மண் தோண்டக் கரண்டி எடுத்துக் கொடுத்துவிட்டு, "இனிமே மிஸ்டு கால் குடுக்க வேணாம்ல?" என்றார்.

"குடுப்பேன்க்கா. நிறுத்துங்க."

"இப்பதான் ஒண்ணும் இல்லியே..."

"அப்பாவுக்குக் கேக்கும்க்கா. கிரைண்டர் ஓடும்போது நம்பர் சொன்னா கண்டுபிடிச்சிடுவாரு."

அக்கா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். முந்தானை முழுக்க மாவு.

குமிழி பார்த்தேன். ஃபேன் நிறுத்தினேன். திரை இழுத்தேன். வெறும் மூடியை வைத்தேன். கதவைச் சாத்தினேன். 0.0000, பக்கத்தில் வட்டம்.

"மூணு புள்ளி எட்டுப்பா!"

இரண்டு தட்டு. இருநூறு.

மே 11, ஞாயிறு

அம்மா சர்ச்சுக்குக் கிளம்பும்போது தெர்மோகோல் பெட்டியைத் திறந்து பார்த்தாள். மூடினாள். பல்பை அணைக்கப் போனவள் கையைப் பிடித்தேன். உள் அறையில் இருந்து பார்த்தால் திரைக்குக் கீழே அந்த வெளிச்சம் தெரியும்.

"எத்தனை நாளைக்குடி?"

"பத்தொன்பது வரைக்கும்மா."

பைபிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"நாலு புள்ளி ரெண்டு!"

இரண்டு தட்டு. காலை இருநூறு, மத்தியானம் இருநூறு, சாயந்திரம் இருநூறு. ராத்திரி பாதி வெளியே வந்துவிட்டது. துடைத்துவிட்டு உட்கார்ந்தால், இன்னும் ஊற்று என்று கையால் காட்டுகிறார்.

மே 12, திங்கள்

சடங்கு முடித்தேன். வெறும் மூடி. வட்டம். "நாலு புள்ளி ஏழுப்பா!"

தட்டு வரவில்லை. ஃபோன் அடித்தது. திரைக்கு அந்தப் பக்கம் இருந்து மெசேஜ்.

"பாப்பா. நாலு நாளா நீ ஒரு நம்பரோட நிறுத்திடற."

அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகாராணியின் எண்கள் ஆடின.

"மொதல்லலாம் நாலு சொல்லுவ. உத்தேசம்னு வேற சொல்லுவ."

இன்னொன்று.

"ஃபேனையாவது போட்டுக்கோ."

உள்ளே போனேன். கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தேன். 

"என்னைக்குப்பா தெரியும்?"

"வெள்ளிக்கிழமையே."

"அப்ப ஏம்ப்பா ரெண்டு தட்டு தட்டினீங்க? ஏம்ப்பா குடிச்சீங்க? வாந்தி எடுத்துட்டு மறுபடியும் ஏம்ப்பா..."

ரொம்ப நேரம் டைப் பண்ணினார். அழித்தார். டைப் பண்ணினார். வந்தது இவ்வளவுதான்:

"நீ அவ்ளோ சத்தமா கத்தினியே."

மே 13, செவ்வாய்

குரூப்பில் இருந்து அந்த போட்டோவை எடுத்துவிட்டேன். அறுபத்திரண்டு ஹார்ட்டு இருந்தது.

அப்பா நூறு.

மே 15, வியாழன்

மாத்திரையில் கால் வீக்கம் வடிந்துவிட்டது. நல்லதுதான் என்று சிஸ்டர் சொன்னார். அம்மா பாத்ரூம் தராசைக் கட்டிலுக்கு அடியில் சுவர் வரைக்கும் தள்ளிவிட்டாள்.

அப்பா எண்பது, அறுபது. ஒரு தட்டு.

கஞ்சியில் வேர்க்கடலை அரைத்துக் கலந்து பார்த்தேன். நெய் விட்டுப் பார்த்தேன். புரோட்டீன் பவுடர் ஒரு ஸ்பூன் கூட்டினேன். குழாய் அடைத்துக்கொண்டது. அரை மணி நேரம் வெந்நீர் ஏற்றி இறக்கி அடைப்பு எடுத்தேன். அதுவரை அப்பா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். மகாராணியின் மேல் அம்மா ஒரு பழைய துண்டைப் போட்டு மூடியிருக்கிறாள். நான் எடுக்கவில்லை.

மே 17, சனி

அம்மா: "நாளன்னிக்கு போறப்ப அந்தக் கனமான சால்வையைப் போத்தி விடலாமா? உள்ள ரெண்டு பனியன் போட்டு?"

"அங்க எல்லாத்தையும் கழட்டச் சொல்லுவாங்கம்மா."

"லுங்கி மடிப்புல எதாவது..."

"அம்மா."

"சும்மா கேட்டேன்டி."

கேட்டுக்கொண்டிருந்த அப்பா ஃபோனில் எழுதிக் காட்டினார்: "என் பழைய டிக்கெட் பையை மாட்டி விடு. சில்லறையோட." கழுத்துத் துளையில் இஸ் என்று ஒரு சத்தம். அம்மாவும் சிரித்துவிட்டு, சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

எடையைக் கூட்டிக் காட்டுவதை நானும் யோசிக்காமல் இல்லை. நான் யோசித்தது நோட்டில் எழுதுகிற மாதிரி இல்லை.

மே 19, திங்கள்

அம்மாவுக்கு லீவு தரவில்லை. நானும் அப்பாவும் ஆட்டோவில் போனோம். கூட்டம். உட்கார்ந்தபடி எடை பார்க்கிற நாற்காலி மெஷின் ரிப்பேர் என்று அட்டை தொங்கியது. நின்று பார்க்கிற மெஷின்தான். தட்டு, தூண், மேலே சிவப்பு எண்கள். தசமத்துக்குப் பிறகு ஒன்றே ஒன்று. தரை சரிவாக இருந்தது. ஒரு காலுக்கடியில் அட்டை மடித்து வைத்திருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் ஒரு ரீல் போட்டிருப்பேன்.

"ஏறுங்க சார்." அட்டெண்டர் ஐம்பது வயதுக்காரர், காதில் பேனா.

அப்பாவின் முழங்கைக்கு அடியில் கையைக் கொடுத்து ஏற்றினேன்.

"கையை எடும்மா. பிடிச்சா தப்பா காட்டும்."

தெரியும். இந்த மூன்று வாரமாக வீட்டில் எல்லோரையும் இதைச் சொல்லியே விரட்டினவள் நான். தொடாதே, சாயாதே, மூச்சு விடாதே. பிடித்தால் குறையும். என் கை தாங்குகிற அளவு மெஷினில் இருந்து போய்விடும். அப்பாவுக்கு ஒவ்வொரு கிராமும் வேண்டும்.

கையை எடுத்தேன்.

அப்பா நின்றார். எண்கள் ஓடின, நாற்பதுக்கு மேல், நாற்பதுக்குக் கீழ், மேல். நிற்பதற்குள் அவர் முழங்கால் மடங்கியது. பிடித்துவிட்டேன்.

"இன்னொரு தரம்."

எடுத்தேன். இந்த முறை இன்னும் சீக்கிரம்.

"அப்பா, தூணைப் பிடிச்சுக்கறீங்களா?"

"தூணைப் பிடிச்சாலும் அதேதான்மா." அட்டெண்டர் பின்னால் பார்த்தார். வரிசை வாசல் வரைக்கும் இருந்தது. யாரோ ஒரு அம்மா, "பாவம், விடுங்களேன் அவர" என்றார்.

மூன்றாவது தடவை. அப்பா தானே என் விரல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டார். இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றவர் மாதிரி, காலை அகட்டி நின்றார். பஸ்ஸில் முப்பது வருடம் அப்படித்தான் நின்றிருப்பார். நிஜமாகவே நின்றார். நெற்றியில் வேர்த்தது. எண்கள் மெதுவாகின. பிறகு மொத்த உடம்பும் என் பக்கமாகச் சாய்ந்தது.

"சரிம்மா, பிடிச்சுக்கிட்டே நில்லு. வர்றத எழுதிக்கறேன்."

பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாற்பது புள்ளி ஆறு. எழுதிவிட்டார்.

"சார், அது கரெக்ட் இல்ல. நான் பிடிச்சிட்டிருந்தேன். கொறைச்சலா காட்டும்."

"எவ்ளோ கொறைச்சல்? சொல்லு, கூட்டி எழுதறேன்."

கிண்டல் இல்லை. நிஜமாகவே பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றரை என்று சொன்னால் எழுதியிருப்பார். ஒரு அரிசி எவ்வளவு, இமை முடி எவ்வளவு, கைரேகை எவ்வளவு, எல்லாம் எனக்குத் தெரியும்.

"தெரியல சார்."

"அடுத்த ஆள் வாங்க."

டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வாரம் சாப்பிட வைத்துப் பாருங்கள் என்றார். மருந்தைப் பற்றிப் பேசவில்லை. 

திரும்பி வரும்போது ஆட்டோ பாடி மேம்பாலத்தில் குலுங்கியது. அப்பா என் மேல் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அவர் முழங்கைக்கு அடியில் என் உள்ளங்கையை அப்படியே வைத்திருந்தேன், அங்கே பிடித்த மாதிரியே. வீடு வரைக்கும் கணக்குப் பண்ணிக்கொண்டே வந்தேன்.

தெரியவில்லை.